பூங்கொடியின் கட்டைவிரல்

இருட்டுவதற்குள்ளாகவே பன்றிகள் மக்காச்சோளக் காட்டில் இறங்கிவிட்டன. சோளத்தட்டு முறியும் சத்தம் வீடுவரை கேட்டது. மயில்சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. துப்பாக்கியை எடுத்து மனைவி பூங்கொடியிடம் நீட்டினான். சுடுபவரோடு வீட்டிலிருப்பவர் மனதில் பயமில்லை என்று அவர் விரல் சொன்னால்தான் அது சுடும். இல்லையென்றால், லைசென்ஸ் இருந்தும் வெறும் இரும்புக்குழாய். புதுச் சட்டம் அப்படி.

பூங்கொடி பிடியில் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்னடி பயம் உனக்கு? நான் சுடப்போறது பன்னியத்தான?"

"நான் ஒண்ணும் நெனைக்கலீங்க. அதுவா எரியுது."

"பயப்படாதேன்னு சொல்றனல்ல!" என்று சுவர் அதிரக் கத்தினான். விளக்கு மாறவில்லை.

துப்பாக்கியை அவள் மடியில் போட்டுவிட்டு, கல்லெறிந்தாவது விரட்டலாமென்று வரப்பை நோக்கி ஓடினான்.

"ஏனுங்க, பச்ச வந்துருச்சுங்க!"

மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். பச்சை எரிவதை வாசலிலிருந்தே பார்த்தான். உள்ளே வந்து கையை நீட்டியதும் அது சிவந்தது. பூங்கொடி விரலை எடுக்கவே இல்லை.

காட்டில் இன்னொரு தட்டு முறிந்தது. மயில்சாமி மெதுவாக ஓரடி பின்னால் நகர்ந்தான்.

பச்சை எரிந்தது.