செல்வின் பார்க்காத கோட்டை

தம்பி செல்வின் விபத்தில் இறந்த பிறகும் பெனிட்டா மாலைதோறும் அவனோடு வீடியோ கேம் ஆடினாள். அவன் ஆடிய விதத்தையும் பேசிய பேச்சையும் கற்று வைத்திருந்த அந்த கேம், அவனாகவே அவள் கூட வந்தது.

உயிரோடு இருந்தபோது இருவருக்கும் ஓயாத வாக்குவாதம். அவளுக்குச் சண்டைதான் வேண்டும். அவனோ ஒவ்வொரு குகைக்குள்ளும் எட்டிப் பார்ப்பான்.

"சண்டை எல்லா கேம்லயும் ஒண்ணுதான்க்கா. மலைக்குப் பின்னாடி என்ன கெடக்குன்னு பாக்கதுலதான் சொகமே" என்பான்.

இப்போதும் அதே குரல் அவளை வழிமாற்றி இழுத்தது. அலுத்துக்கொண்டே போவாள். ஆனால் எதிரியைக் கண்டால் கை தானாக வாளை உருவிவிடும்.

ஒரு மாலை, கடலோரத்தில் இடிந்த கோட்டை ஒன்று தெரிந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாக்கா, கீழ அரக்கனுவ நிக்கானுவ. அடிச்சு நொறுக்குவோம்."

பெனிட்டா ஆட்டத்தை அப்படியே நிறுத்தினாள். "கோட்டைக்குள்ள பாக்க வேண்டாமாடா?"

"அங்க என்னக்கா கெடக்கப் போவுது? ஒனக்குச் சண்டைதான பிடிக்கும்!"

கூட ஆடுபவரின் ரசனைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வது அந்த கேமின் குணம். இத்தனை நாளும் தம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

அவன் இறங்கி ஓடினான். பெனிட்டா தனியாகக் கோட்டைக்குள் நுழைந்தாள். கூரையில்லாத அறைகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தாள். எதிலும் ஒன்றுமில்லை.

"பாத்தியாடா, இங்கருந்து கடல் தெரியுது" என்றாள்.

தூரத்தில் அவன் குரல் உற்சாகமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.