நாயைத் தட்டிக்கொடுத்த சில்லு

மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த ஒரு சின்ன மின்னணுச் சில்லு இருந்தது. அதற்குள்ளேயே ஒரு காவல்நாயும் இருந்தது. உண்மையில் அது ஒரு கடிகாரம். நொடிக்கு ஒரு முறை சில்லு அதைத் தட்டிக்கொடுக்க வேண்டும். தட்டாவிட்டால், சில்லு மயங்கிவிட்டதென்று நினைத்து நாய் கடித்து எழுப்பும். கடிபட்ட சில்லுக்கு எல்லாம் மறந்துபோகும். தனக்கு எழுதிவைத்த வேலைப் பாடத்தை முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அன்று காலையில் மட்டும் மூன்று கடி.

"வேலை செய்துகொண்டுதானே ஐயா இருந்தேன்!" என்று அழுதது சில்லு.

"வேலையெல்லாம் எனக்குத் தெரியாது. தட்டினாயா, அதைச் சொல்," என்றது நாய்.

சில்லு யோசித்தது. பிறகு மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருந்தது. நாய் சொக்கிப்போய் வாலை ஆட்டியது.

தொட்டிக்குள் மிதந்த பந்து கத்தியது. "அண்ணே, தண்ணீர் நிரம்பிவிட்டது! மோட்டாரை நிறுத்துங்கள்! கீழே வடாம் காய்கிறது!"

"இரு தம்பி, கை வேலையாக இருக்கிறது."

"அண்ணே, மூடியில் தலை இடிக்கிறது!"

"கொஞ்சம் குனிந்துகொள்."

தொட்டி வழிந்தது. பாயில் காய்ந்த இருநூறு வடாமும் மறுபடி கூழாகிப் படியிறங்கின.

"இந்தச் சில்லு செத்துவிட்டதா?" என்று அலறியது பந்து.

"வாயைக் கழுவு," என்றது நாய். "இவ்வளவு பொறுப்பான பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. டேய், கொஞ்சம் காதுக்குப் பின்னால்."