இரண்டாவது பொட்டலம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தமிழினி இறங்கியதுமே மேற்பார்வையாளர் கௌஸ் பாஷா கவனித்துவிட்டார். இன்றும் அவள் பையில் இரண்டு சாப்பாட்டுப் பொட்டலங்கள்.

நகரத்துப் பையன்கள் எந்தப் போதை மாத்திரைக்கு மாறுகிறார்கள், அது அடுத்து எந்த ஊருக்குப் பரவுகிறது என்று ஆராயும் குழு அவர்களுடையது.

"உனக்கு மெட்ராஸ் ஆபீஸ்லயே வேல போட்டுட்டாங்கம்மா. இனிமே வெயில்ல அலைய வேணாம்."

"வேணாம் சார். நான் ஊர் ஊராவே போறேன்."

கௌஸ் பாஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எந்த ஊருக்குப் போனாலும் ரெண்டு பொட்டலம் கட்டிக்கினு வர்ற. ஒண்ணு பிரிக்காமலே திரும்பிப் போவுது. பையன் யாருன்னு சொல்லு. உங்க நைனா கிட்ட நானே பேசறேன்."

தமிழினியோ, நின்றிருந்த பஸ்களுக்குப் பின்னால், சுவரோரம் சுருண்டு கிடந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருசம் வேலூர்ல இருந்த மாத்திரை இப்ப செஞ்சிக்கு வந்துட்டுதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"ஆமா. அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"அது எந்த ஊருக்குப் போவுதோ, அங்கதான் சார் என் தம்பியும் போவான்."

கௌஸ் பாஷாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

தமிழினி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நைனா திட்டிட்டாரு. சோத்துல கைய வச்சவன், ஒரு வாய்கூட சாப்டாம எழுந்து போயிட்டான் சார்."