இன்னிக்காவது சொல்லுங்க

குளித்தேன். தட்டு இட்லி இரண்டு சாப்பிட்டேன். வழக்கம்போல அந்த எண்ணை அழைத்தேன்.

“அக்கா, உங்க ஃபோனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். இன்னிக்காவது சொல்லுங்க.”

“தினமும் கேக்க வெக்கமா இல்லையாப்பா? தாவணகெரேக்காரியை ஏமாத்த முடியாது, போ!”

“உங்க பணம் வேண்டாங்க்கா…”

“எல்லாத் திருடனும் இப்படித்தான் ஆரம்பிக்கிறான்!”

துண்டித்துவிட்டாள்.

அது என் மனைவி மானசாவின் எண். அவள் இறந்தபின் ரீசார்ஜ் ஆகாததால் இவளுக்குப் போய்விட்டது. எங்கள் படங்களெல்லாம் இருக்கும் மானசாவின் கணக்கு அந்த ஓடிபி இல்லாமல் திறக்காது. நெடுநாள் யாரும் திறக்காததால் இன்றோடு அதை அழித்துவிடுவார்கள்.

நேற்று இவளிடம் உண்மையைச் சொன்னேன். “பொண்டாட்டியையும் சாகடிச்சிட்டியா?” என்று சிரித்தாள்.

விபத்தில் மானசாவின் ஃபோன் நொறுங்கிவிட்டது. ஆம்புலன்ஸில் அவள் கடைசியாகச் சொன்னாள்:

“ஃபோன் போனா போகட்டுங்க. நம்ம போட்டோ எல்லாம் கிளவுடுல பத்திரமா இருக்கு.”