உட்பக்கத்துக் குத்து

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நிஷாந்தி, கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகைக்காக, நட்சத்திரத் துளை வெட்டிய களிமண் விளக்குகளைச் செய்து விற்றாள். கோபம் வந்தால் புருஷன் புஷ்பராஜ் அவளை அடிப்பான். பிறகு விளக்குகளையும் மோதிரக் கையால் குத்தி உடைப்பான். புது விளக்குகள் சூளையில் விரிசல் விடாமலிருக்க, அவள் அந்தத் துண்டுகளை இடித்துக் களிமண்ணில் கலப்பாள்.

இந்த முறை சூளையிலிருந்து வந்த எல்லா விளக்குகளிலும், உள்ளேயிருந்து யாரோ குத்தியதுபோல் ஒரு புடைப்பு இருந்தது.

“என்னடி எழவு இது?” புஷ்பராஜ் ஒன்றின் திறந்த அடிவழியே கையை விட்டான். உட்பள்ளத்தில் அவன் முஷ்டி, மோதிரத்தோடு அப்படியே பொருந்தியது.

இழுத்தான். கை வரவில்லை. விளக்கு இறுகியது. விரலெலும்புகள் ஒவ்வொன்றாக முறிந்தன.

“ஐயோ, உடையடி இத!”

நிஷாந்தி களிமண் பிசைவதை நிறுத்தவில்லை.

“உடைச்சா அதையும் இடிச்சு, இந்த மண்ணுலதாங்க கலக்கணும்.”