தண்ணீர் மணி

தண்ணீர் மணி அடித்ததும் எட்டாம் வகுப்பே பாட்டிலைத் தூக்கியது. பிள்ளைகள் மறக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டுமென்று பள்ளி கொண்டுவந்த மணி அது. பாத்ரூமுக்கு மட்டும் சாப்பாட்டு வேளையில்தான் போக வேண்டும். பாடம் நடக்கும்போது யாரையும் வெளியே விடக்கூடாது என்பது உத்தரவு. செவ்வந்தி பாட்டிலை உதட்டில் வைத்துத் தொண்டையை மட்டும் அசைத்தாள். அடிவயிறு கல்லாக இறுகியிருந்தது. இரண்டு முறை கேட்டுப் பார்த்தாயிற்று.

“பாட்டில் அப்படியே இருக்கு. குடி,” என்றார் புஷ்பம் மிஸ்.

“தாங்க முடியல மிஸ்.”

“லஞ்சுக்குப் போலாம். நான் மட்டும் போறேனா? குடி.”

குடித்தாள். மூன்றாவது மடக்கில் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. சட்டென்று பாட்டிலை மடியிலேயே கவிழ்த்துவிட்டாள். பாவாடை, பெஞ்சு, தரை எல்லாம் ஒரே ஈரம்.

“கை தவறிடுச்சு மிஸ்.”

வகுப்பே சிரித்தது. தரையில் ஓடிய தண்ணீர், முன்பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த ஜெரினாவின் காலைத் தொட்டது. வெறும் தண்ணீரில்லை என்று அந்தச் சூட்டிலேயே தெரிந்திருக்கும். காலை இழுத்துக்கொண்டு அவள் திரும்பினாள். செவ்வந்தி தலை நிமிரவில்லை.

ஜெரினா சிரிக்கவில்லை. தன் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, மெதுவாகத் தரையில் சாய்த்தாள்.