மிதவைக்குள்

கடலில் ஆளில்லாமல் மிதந்து கிடைத்த ரெஜிஸின் படகை அவன் மனைவி பிலோமினா விற்றுவிட்டாள். வாங்கியவருக்கு வேகம் வேண்டும். மெக்கானிக் சூசை இன்ஜினில் சின்ன டர்போ பூட்டி, அதற்கேற்பக் கார்புரேட்டரைப் பிரித்து, உள்ளே பெட்ரோலில் மிதக்கும் பித்தளை மிதவையை எடுத்துத் தனியே வைத்தான்.

“அது ஆகாதா தம்பி?” பக்கத்தில் நின்ற பிலோமினா கேட்டாள்.

“டர்போ காத்து அமுக்குனா நசுங்கிரும் மயினி. வெறும் கூடுதான. முன்ன பொத்துப்போனப்ப ரெஜிஸ் அண்ணந்தான் வாய் வச்சு ஊதிப் பாத்து, ஈயம் வச்சு அடைச்சாவ.”

“அப்ப அவிய மூச்சு இன்னும் இதுக்குள்ளயா இருக்கு?”

சூசை மிதவையை ஆட்டிக் காட்டினான். உள்ளே பெட்ரோல் சலசலத்தது.

“மறுபடி எங்கயோ ஓட்டை விழுந்திருக்கு மயினி.”

அவள் அதை வாங்கி, விரலால் தடவித் தடவித் தேடினாள். ஓட்டை தட்டுப்பட்டதும் கட்டைவிரலால் இறுகப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.